ஒரு கிலோ அறுநூறு

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரேதான்
ஸ்கூட்டியை நிறுத்துவேன்.
ஆஸ்பத்திரி வாசலில் நிழல் கிடையாது.
இங்கே வேம்பு உண்டு, காவலுக்கு
வாசல் தூணில் இரண்டு எலும்புக்கூடு.
உள்ளே படுத்திருக்கும் பெரிய கற்களுக்கு நடுவில்
ஒன்று சின்னது, முறத்தளவு.

போன தையில் ஹாலந்திலிருந்து ஒருத்தி வந்தாள்.
நெஞ்சோடு கட்டிய பையில் பிள்ளை.
சின்னக் கல்லில் விரலை ஓட்டிப் படித்தாள்.
பதினோரு நாள், என்றாள்.
பிறகு, வழிகாட்டிப் பையன் திக்கித் திக்கித் தமிழில் சொல்ல,
நான் டிபன் பாக்ஸை மூடாமலே கேட்டேன்:

அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில்
பிறந்த பிள்ளையைத் துணிநாடாவால் சுற்றுவார்களாம்.
கை தனி, கால் தனி, அப்புறம் எல்லாம் சேர்த்து,
முகம் மட்டும் வெளியே.
விட்டுவைத்தால் எலும்பு வளைந்து
நாலு காலில் நடந்துவிடுமோ என்று பயம்.
வயலுக்குப் போகிறவர்கள் சிலர்
சுற்றிய பொட்டலத்தை
சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவதும் உண்டாம்.

இந்த வெயிலிலுமா சுற்றினார்கள்? என்றேன்.
பையன் அதை அவளுக்குச் சொல்லவில்லை.
ஆனாலும் அவள் கல்லைப் பார்த்தாள்.

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.
மீன் மார்க்கெட் திரும்பும்போது சிரிப்பு நின்றது.
என் ரியாஸுக்கு மூக்கு எடுப்பாக வர
தினம் எண்ணெய் தொட்டு நீவியது யார்?
தலை உருண்டையாக வர அமுக்கியது?
யாருக்கும் தெரியாமல் ஒரு சங்கு கழுதைப்பால்?
நர்சிங் படித்த இதே கைதான்.
தானாக நேராக வளரும் என்று
எந்தக் கரையிலும் பிள்ளையை நம்பியவர் இல்லை போல.

ஐப்பசி. ஏரி ரோட்டின் மேல் ஏறிவிட்ட ராத்திரி.
ஆந்திரப் பக்கம் ஒரு தீவு, பெயர் இரக்கம்.
அங்கிருந்து படகில் போலம்மாவைக் கொண்டுவந்தார்கள்.
எட்டாம் மாதம்.
பிள்ளை பிறந்ததும் தராசில் வைத்தேன்,
ஒரு கிலோ அறுநூறு.
முள் நின்ற நேரம் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை.
பொன்னேரி ஆம்புலன்ஸ் பாதி வழியில் தண்ணீரில்.
போலம்மா ரத்தம் இழந்து நடுங்குகிறாள்,
அவள் மேல் பிள்ளையை வைக்க முடியாது.

பஞ்சு வைத்தேன். துணி சுற்றினேன்.
இன்னொரு துணி. இறுக்கி.
இன்னும் இறுக்கி.
டார்ச் வெளிச்சத்தில் உதடு நீலம்.
என் கையில் இருந்தது முகம் மட்டும் வெளியே தெரிந்த
ஒரு பொட்டலம்.

மளமளவென்று அவிழ்த்தேன்.
கதவோரம் செஞ்சய்யா, இறால் பிடிக்கிறவன், பிள்ளைக்கு அப்பன்.
சொக்கா விப்பு, என்றேன், எனக்குத் தெரிந்த தெலுங்கில்.
அவன் பாக்கெட்டைத் தடவினான்.
பணம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான்.
நானே பொத்தானைக் கழற்றி
ஈர நெஞ்சைத் துடைத்து
அதன் மேல் பிள்ளையைக் கவிழ்த்து வைத்து
போலம்மாவின் சேலையில் பாதியால் கட்டினேன்.

சேற்று வாசனை, பீடி வாசனை.
பயத்தில் அவன் மூச்சுவிடவே மறந்தான்.
விடுய்யா, நீ விட்டால்தான் அதுவும் விடும், என்றேன்.
அது தமிழில் வந்தது. அவனுக்குப் புரிந்தது.
நின்றபடியே நின்றான்.
உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.
நாலு மணிக்கு உதடு சிவந்தது.
சின்னக் கால் ஒன்று
அவன் விலாவில் தவளை மாதிரி உதைத்தது,
வளைந்துதான்.

விடிந்து வண்டி வந்தது.
பெட்டி இருக்கு, பிள்ளையைக் கொடு, என்றான் டிரைவர்.
செஞ்சய்யா அவனைப் பார்க்கக்கூட இல்லை.
போலம்மாவின் ஸ்ட்ரெச்சர் பின்னால்
மேல்சட்டை இல்லாமல் ஏறிக்கொண்டான்.

பத்தாம் நாள் பொன்னேரியிலிருந்து போன்.
ஒரு கிலோ எழுநூற்று முப்பது, என்றார்கள்.

சட்டை இங்கேயே இருக்கிறது.
துவைத்துவிட்டேன், சேறு முழுக்கப் போகவில்லை.
பாக்கெட்டில் இருந்த நாற்பது ரூபாயை
மருந்துச் சீட்டில் மடித்துத் திரும்ப வைத்திருக்கிறேன்.
வார்டில் வேறு இடம் இல்லை,
ஆணியில்தான் மாட்டியிருக்கிறது.
காற்று அடிக்கும்போது
இரண்டு கையும் ஆடுகின்றன.